அழாத தாயும் அகப்படாத காட்டுநாயும்

1980ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அவுஸ்திரேலியாவின் நட்ட நடுவே, செம்மணல் வெளியில் தனித்து நிற்கும் பெரும் பாறையின் அடிவாரத்தில் பயணிகள் சிலர் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தனர். வெள்ளையர் அப்பாறையை அயர்ஸ் பாறை என்றனர். அந்நிலத்துக்குரிய ஆதிக்குடிகளுக்கு அது உலுரு. பொது அடுப்படியில் இராவுணவு தயாராகிக் கொண்டிருந்த வேளையில், ஒன்பது வாரக் குழந்தை ஒன்று கூடாரத்தினுள் உறங்கிக் கொண்டிருந்தது. இரவு எட்டு மணியளவில் அப்பக்கமிருந்து அழுகுரல் கேட்டது. கூடாரத்தை நோக்கி விரைந்த தாய், அதன் வாயிலிலிருந்து ஒரு டிங்கோ தலையை உதறியபடி வெளியேறுவதைக் கண்டார். குழந்தையை டிங்கோ கொண்டு போய்விட்டது என்று அவர் எழுப்பிய கூக்குரல் அந்த முகாமிடம் முழுவதும் கேட்டது.

அக்கூக்குரல் உண்மையென்று சட்டம் எழுத்தில் ஒப்புக்கொள்ள 32 ஆண்டுகள் சென்றன. இடைப்பட்ட காலத்தில் அத்தாய் கொலைகாரி எனத் தீர்க்கப்பட்டார், ஆயுட்சிறை விதிக்கப்பட்டார், சிறைக்காவலில் இன்னொரு குழந்தையைப் பெற்றார். பெரியோர் முதல் பாடசாலைச் சிறுவர் வரை ஒரு நாடே அவரை வைத்து நகைச்சுவை சொல்லிச் சிரித்தது.

லின்டி சேம்பர்லின் என்ற அப்பெண்ணின் பெயரை அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவர் அறியாதிருக்க முடியாது. 1983 ஜூலைக்குப் பின்னர் அந்நாட்டுக்குச் சென்று சேர்ந்தோரில் பலர், ஆங்கிலத் தொலைக்காட்சியில் கண்டு விளங்காது விழித்த முதற் சர்ச்சைகளுள் ஒன்றாகக்கூட இது இருந்திருக்கும். ஏனைய நாடுகளில் உள்ள வாசகர்களுக்காக இவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. காட்டு விலங்கு ஒன்று குழந்தையைத் தாக்கிவிட்டால் மனிதர் பழியை எங்கே கொண்டுபோய் இறக்கி வைக்கின்றனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு வேறொன்றை யாம் அறியோம்.

சுவடு சொன்ன சேதி

முதலில் அவ்விரவில் அங்கிருந்தோர் கண்டதையும் கேட்டதையும் பார்ப்போம். தாய் அடுப்படியில் மற்றவர்களோடு நின்றிருந்த நேரத்தில் குழந்தையின் அழுகுரலைக் கேட்டதாகத் தாஸ்மேனியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் சாட்சியம் கூறினார். அக்கணத்தில் குழந்தை உயிருடன் இருந்தது என்பதே அதன் பொருள். அயற்கூடாரத்தில் இருந்தோர் சற்று முன்னர் ஒரு நாயின் உறுமலைக் கேட்டிருந்தனர். முந்நூறு பேரளவில் கைகோத்து வரிசையாக நின்று, அந்த இருளிலே மணல்வெளியைச் சலித்தெடுத்தனர். குழந்தை கிடைக்கவில்லை.

பூங்காவின் தலைமைக் காவலராயிருந்த டெரெக் ரொஃப் என்பவரும் அவருடன் சென்றோரும் கைவிளக்கு வெளிச்சத்தில் டிங்கோவின் அடித்தடங்களைக் கண்டனர். அது தான் சுமந்து சென்றதை ஓரிடத்தில் கீழே வைத்து எடுத்திருந்தது. அவ்விடத்து மணலில் பின்னற்றுணி பதிந்ததைப் போன்றதோர் அச்சுக் காணப்பட்டது. நிப்பர் வின்மாட்டி, பார்பரா ஜிகாடு முதலிய ஆதிக்குடிச் சுவடு பார்ப்போரும் தடங்களை ஆராய்ந்தனர். சுமையுடன் சென்ற டிங்கோவின் தடங்கள் அவை என்பதில் அவர்களுக்கு ஐயம் எதுவும் எழவில்லை. பிறந்த நாள் முதல் மணலைப் படித்துப் பழகியவர்கள் அவர்கள். எந்த விலங்கு, எப்போது, எவ்வளவு பாரத்துடன் சென்றது என்பதை நாம் பத்திரிகை படிப்பதுபோற் படிக்க வல்லவர்கள்.

இன்னுமொன்று. அந்த முகாமிடத்து டிங்கோக்கள் கூச்சம் தெளிந்துவிட்டன என்பது இரகசியமாக இருக்கவில்லை. பயணிகள் வீசிய மிச்சம் மீதியைத் தின்று பழகிய அவை, கூடாரங்களுக்குள் தலைநீட்டத் தொடங்கியிருந்தன. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், ஒரு காரில் அமர்ந்திருந்த சிறுமி ஒருத்தியை டிங்கோ ஒன்று வெளியே இழுத்துப் போட்டிருந்தது. ஆபத்து நெருங்குகிறது என்று தலைமைக் காவலர் தமது மேலிடத்துக்கு முன்னரே எச்சரித்தும் இருந்தார்.

ஆகவே, பழி யாரைச் சேரும் என்ற வினா அன்றே எழுந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விலங்குக்கு உணவிட்டு அதன் அச்சத்தைப் போக்கியோர் யார்? எச்சரிக்கையைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்தோர் யார்? இவ்வினாக்களை எவரும் உரக்கக் கேட்கவில்லை. தொலைக்காட்சித் திரையில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது; எல்லோருடைய கண்களும் அங்கே சென்றுவிட்டன.

முகத்தைப் படித்த நாடு

அந்த முகம் அழவில்லை. அதுவே முதற் குற்றமாயிற்று.

லின்டியின் கணவர் மைக்கல், ஏழாம் நாள் வருகைச் சபையின் போதகர். குயின்ஸ்லாந்தின் மவுண்ட் ஐசா என்னும் சுரங்க நகரில் பணியாற்றி வந்தார். குழந்தை போன சில நாட்களுக்குள்ளேயே கணவனும் மனைவியும் செய்தியாளர்களோடு பேசினர். இறைவன் சித்தம் என்று ஏற்றுக்கொண்ட தொனி மைக்கலிடம் இருந்தது. லின்டி கேட்டவற்றுக்கெல்லாம் நேருக்கு நேர் விடையளித்தார். இரையின் தோலை டிங்கோ எவ்வாறு உரிக்கும் என்பதைக்கூடப் பேட்டி ஒன்றிலே நிதானமாக விளக்கினார். குழந்தையைப் பறிகொடுத்தவள் இப்படியா பேசுவாள் என்று நாடெங்கும் பேச்செழுந்தது.

செத்தவீட்டில் அழாது நிற்கும் பெண்ணைப் பற்றி எம்மூர் முற்றங்களில் என்ன பேசுவார்கள் என்பதை நாம் அறிவோம். அங்கே அது ஒரு குறிச்சியோடு அடங்கும். எட்டுச் செலவோடு பாதி மறந்தும் போகும். அவுஸ்திரேலியாவிலோ தொலைக்காட்சி ஒவ்வொரு வீட்டு வரவேற்பறையையும் செத்தவீட்டு முற்றமாக்கிவிட்டது.

வதந்திகளுக்கும் குறைவிருக்கவில்லை. குழந்தையின் பெயராகிய அஸாரியா என்பதற்கு வனாந்தரத்தில் இடும் பலி என்று பொருளாம்! உண்மையில் இறைவன் துணைசெய்தான் என்று பொருள்படும் எபிரேயப் பெயர் அது. ஓர் அகராதியைப் புரட்டியிருந்தாற் போதும். குழந்தைக்குக் கறுப்பு உடுப்பு ஒன்று தைத்து அணிவித்திருந்தார்களாம்! ஆம், அணிவித்திருந்தார்கள்; தாயே தைத்தது. கறுப்பு நிறத்தை விரும்புவதற்காகச் சிறை செல்வதானால் எத்தனை பேர் வெளியே மிஞ்சுவர்? நரபலி கொடுக்கும் சபை என்றுகூட அவர்களது சமயம் பழிக்கப்பட்டது. இவ்வாறு பழித்தவர்களிற் பெரும்பாலோர் நாள்தோறும் காலையில் உண்ட வீற்-பிக்ஸ் என்னும் கோதுமைப் பண்டம், அதே சபைக்குச் சொந்தமான நிறுவனத்தின் தயாரிப்பாகும். எம்மவருக்கோ கண்டியில் வைத்தியசாலை நடத்தும் சபையாக அது பரிச்சயமானது.

குழந்தை மறைந்து ஒரு வாரத்தின் பின்னர், ஓகஸ்ட் 24ஆம் திகதி, அதன் உடுப்புகள் பாறையடியில் கண்டெடுக்கப்பட்டன. தாய் கூறிய உடுப்புகளுள் ஒன்று மட்டும் அங்கில்லை: மேலே அணிந்திருந்த சிறிய பின்னற் சட்டை. அந்தச் சட்டையை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கட்டும்.

முதலாவது மரண விசாரணை அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் நடைபெற்றது. விசாரணை அதிகாரி டெனிஸ் பெரிட், 1981 பெப்ரவரி 20ஆம் திகதி தமது முடிவைத் தொலைக்காட்சிக் கமெராக்களின் முன்னிலையில் வாசித்தார். வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பதே அவரது எண்ணம். குழந்தையைக் கொண்டு சென்றது டிங்கோவே. பெற்றோர் குற்றமற்றவர்கள் என்று அவர் கூறினார். உடலைப் பின்னர் யாரோ இனந்தெரியாதோர் அப்புறப்படுத்தியிருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். பொலிஸாரைக் கண்டிக்கவும் அவர் தவறவில்லை. முற்றுப்புள்ளி என்று அவர் நினைத்தது பொலிஸாருக்கும் வடபிராந்திய அதிகாரிகளுக்கும் அறைகூவலாயிற்று. புதிய சான்றுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். தேடினால் கிடைக்காத சான்றும் உண்டோ?

வெள்ளை அங்கி அணிந்த சாட்சிகள்

இரண்டாவது மரண விசாரணை தாயைக் குற்றவாளிக் கூண்டுக்கு அனுப்பியது. 1982 செப்டெம்பர் மாதத்தில் டார்வின் நகரில் வழக்குத் தொடங்கியது. தாய் தன் குழந்தையைக் காரின் முன்னாசனத்தில் வைத்துக் கழுத்தறுத்துக் கொன்று, உடலைக் கணவரின் புகைப்படக் கருவிப் பையில் மறைத்து, சில நிமிடங்களுக்குள் அடுப்படிக்குத் திரும்பி மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பது அரச தரப்பின் கதை. ஏன் கொன்றாள் என்பதற்கு அவர்கள் எந்தக் காரணமும் கூறவில்லை. கூற வேண்டியதில்லை என்றனர்.

காரினுள் கைக்குழந்தையின் குருதி காணப்பட்டது என்று ஆய்வுகூடத்து நிபுணர் ஒருவர் சாட்சியமளித்தார். சிசுக்களின் குருதியில் மிகுந்திருக்கும் ஒருவகை ஈமோகுளோபின் சோதனையில் புலப்பட்டதாம். அச்சோதனைத் தட்டுகளைக் காட்டும்படி எதிரி தரப்பினர் கேட்டபோது, அவை வழக்கம்போல் அழிக்கப்பட்டுவிட்டன என்ற விடையே கிடைத்தது. லண்டனிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், குழந்தையின் உடுப்பில் குருதி தோய்ந்த கையின் பதிவைத் தாம் கண்டதாகக் கூறினார். டிங்கோவின் பல் பட்டிருந்தால் துணி இவ்வாறு கிழியாது, கத்தரிக்கோலே இதைச் செய்தது என்றும் கூறப்பட்டது. உடுப்பில் டிங்கோவின் உமிழ்நீர் இல்லையே என்று கேட்டனர். மேலே ஒரு பின்னற் சட்டை இருந்தது என்றார் தாய். அப்படியொரு சட்டை இருந்ததேயில்லை, அது அவள் கட்டிவிட்ட கதை என்றது அரச தரப்பு.

நீதிமன்றத்துக்கு வெளியே, டிங்கோ நிரபராதி என்று அச்சிட்ட சட்டைகளை அணிந்து சிலர் உலாவினர். உள்ளே அவர் அணிந்து வந்த உடைகளைப் பத்திரிகைகள் நாள்தோறும் வர்ணித்தன. அழுதபோது நடிப்பு என்றனர். அழாதபோது கல்நெஞ்சு என்றனர். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களும் கொண்ட யூரி சபை, ஒக்டோபர் 29ஆம் திகதி தாயைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டது. சட்டப்படி நீதிபதி விதிக்கக்கூடிய தண்டனை ஒன்றுதான்: கடூழியத்துடன் ஆயுட்சிறை. கணவர் குற்றத்துக்குப் பின்னர் உடந்தையாயிருந்தவர் எனக் காணப்பட்டு, ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். லின்டி அப்போது நிறைகர்ப்பிணி. நவம்பர் மாதத்தில் பெண்குழந்தை பிறந்தது. உடனே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது. 1983இல் ஒரு மேன்முறையீடும், 1984 பெப்ரவரியில் உயர் நீதிமன்றத்துக்குச் செய்த மேன்முறையீடும் தள்ளுபடியாயின. உயர் நீதிமன்றத்து ஐந்து நீதியரசர்களுள் இருவர் மட்டும் மாறுபட்டனர். மூன்றுக்கு இரண்டு, ஒரு தலை இப்பக்கம் சாய்ந்திருந்தாற் போதும்.

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. இப்பத்திரிகையின் வாசகர்களிற் பலர், ஏதோவொரு நாட்டில், ஏதோவொரு மேசையின் முன் அமர்ந்து, தமக்கு நேர்ந்ததை அந்நிய மொழியில் அந்நியரிடம் சொன்னவர்கள். கண்ணீரின்றிச் சொன்னால் மனப்பாடம் செய்து வந்தது என்பார்கள். தேம்பினால் மிகைப்படுத்துகிறான் என்பார்கள். எதிரே இருப்பவர் எம் சொல்லைக் கேளாது முகத்தையே எடைபோடுவதை உணர்ந்த எவருக்கும், டார்வின் நீதிமன்றில் அப்பெண் நின்ற நிலையை விளக்கத் தேவையில்லை.

பாறை திருப்பித் தந்த சட்டை

உண்மையை வெளிக்கொணர்ந்தது எந்த நிபுணரின் நுண்காட்டியும் அன்று. 1986 ஜனவரியில் ஆங்கிலப் பயணி ஒருவர் அப்பாறையிலிருந்து தவறி விழுந்து மாண்டார். அவரது உடலைத் தேடிச் சென்றோர், டிங்கோக்களின் குகைகள் உள்ள பகுதியில் மணலில் பாதி புதைந்திருந்த சிறிய துணியொன்றைக் கண்டனர். பெப்ரவரி 2ஆம் திகதி கண்டெடுக்கப்பட்ட அத்துணி, இருந்ததேயில்லை என்று அரசு வாதாடிய அதே பின்னற் சட்டை. ஐந்து நாட்களில் சிறைக்கதவு திறந்தது.

நீதியரசர் ட்ரெவர் மோர்லிங் தலைமையில் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. காரில் கண்ட குருதித் தெறிப்பு எனக் கூறப்பட்டது, இரைச்சலைத் தணிக்கும் பொருட்டுக் கார்த் தொழிற்சாலையில் தெளிக்கப்பட்ட பசை எனத் தெரியவந்தது. காரில் அஸாரியாவின் குருதி இருந்தது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இருக்கவில்லை. குருதிக் கையின் பதிவு என்றவற்றிற் பெரும்பகுதி அந்நிலத்தின் செம்மணல். மணலைக் குருதி என்றார் லண்டன் பேராசிரியர். மணலை மணலாகவே வாசித்தவர்கள் உலுருவின் ஆதிக்குடிகள். அவர்களது சொல் இப்போது மொழிபெயர்ப்பாளர் வாயிலாக ஆணைக்குழுவின் முன் முறையாகக் கேட்கப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்கு முன் சொன்னதையே அவர்கள் மீண்டும் சொன்னார்கள்.

இந்தச் சான்றுகள் அன்றே முன்வைக்கப்பட்டிருந்தால், எதிரிகளை விடுவிக்கும்படி யூரி சபையைப் பணிப்பதைத் தவிர நீதிபதிக்கு வேறு வழி இருந்திராது என்று ஆணைக்குழு 1987இல் அறிக்கையிட்டது. அதன்பேரில் பிராந்திய அரசு வழங்கியது என்ன? மன்னிப்பு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! குற்றத்தீர்ப்பே நீக்கப்படுவதற்கு 1988 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1992இல் 13 இலட்சம் டொலர் இழப்பீடு வழங்கப்பட்டது. அதற்குள் அவர்களது மணவாழ்வு முறிந்துவிட்டது. 1995இல் நடந்த மூன்றாவது மரண விசாரணையோ, மரணத்தின் காரணத்தை முடிவு செய்ய இயலாது என்று கைவிரித்தது. தாய் குற்றமற்றவள், ஆனால் டிங்கோவும் குற்றமற்றது என்ற விந்தையான நிலை!

இத்தனைக்கும் மக்கள் மனம் மாறிவிடவில்லை. லின்டியாக மெரில் ஸ்ட்ரீப் நடித்த திரைப்படம் 1988இல் வெளிவந்து உலகெங்கும் ஓடியது. ஆயினும் எங்கோ ஒரு கோணத்தில் அவள்தான் செய்திருப்பாள் என்று கூறுவோர் இருந்துகொண்டேயிருந்தனர். அவர்களது வாதம் எப்போதும் ஒன்றே: டிங்கோ குழந்தையைக் கொல்லாது, அது கூச்சமுள்ள பிராணி.

அவ்வாதத்துக்கு மறுமொழி 2001 ஏப்ரல் 30ஆம் திகதி குயின்ஸ்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள ஃபிரேசர் தீவில் கிடைத்தது. இன்று கெகாரி என்ற தன் பழம்பெயரைத் திரும்பப் பெற்றுள்ள அத்தீவில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை டிங்கோக்கள் கடித்துக் கொன்றன. இம்முறை ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. ஆனால் பழியிடும் தேவை இருந்தது. உடனடியாக 31 டிங்கோக்கள் கொல்லப்பட்டன. விலங்குகள் மீது தவறில்லை, அவற்றுக்குத் தீனி போட்ட பயணிகளே காரணர் என்றனர் ஒரு சாரார். சுற்றுலா வருமானத்துக்காக ஆபத்தை மூடி மறைத்தனர் என்றனர் வேறொரு சாரார். கசப்பான சர்ச்சைதான். என்றாலும், 1980இல் கேட்கத் தவறிய வினாக்கள் அங்கே கேட்கப்பட்டன. தீனி போடுவோருக்குத் தண்டம் கடுமையாக்கப்பட்டது. குடியிருப்புகளைச் சுற்றி வேலி எழுந்தது. உலுருவிலும், பாறையடியில் இருந்த முகாமிடம் முன்னரே மூடப்பட்டு, பயணிகள் தங்குமிடம் தொலைவிலுள்ள யுலாராவுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஒரு தாயைச் சிறையிலிட்டதனால் எந்தக் குழந்தையும் காப்பாற்றப்படவில்லை. கூடாரங்களை இடம் மாற்றியதனால் சில குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருக்கக்கூடும். அவர்கள் யார் என்பதை அறிய வழியில்லை.

பெற்றோர் ஓயவில்லை. பெற்ற பிள்ளையின் மரணச் சான்றிதழில் காரணம் தெரியாது என்றிருப்பதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. டிங்கோ தாக்குதல்கள் பற்றிய பதிவுகளைத் திரட்டிக்கொண்டு மீண்டும் மரண விசாரணை அதிகாரியை நாடினர். நான்காவது விசாரணை நடந்தது. 2012 ஜூன் 12ஆம் திகதி அதிகாரி எலிசபெத் மொரிஸ் டார்வினில் தீர்ப்பு வழங்கினார். அதற்கு முந்திய நாள் அஸாரியாவின் பிறந்தநாள். இருந்திருந்தால் 32 வயது நிறைந்திருக்கும். டிங்கோ தாக்கிக் கொண்டு சென்றமையே மரணத்துக்குக் காரணம் என்று அவர் வாசித்தார். பெற்றோரை நோக்கி அனுதாபம் தெரிவித்தபோது அந்த அதிகாரியின் குரல் தழுதழுத்தது.

பிரிந்துபோன கணவனும் மனைவியும் அன்று ஒன்றாகவே நீதிமன்றப் படிகளில் இறங்கி வந்தனர். கமெராக்கள் காத்திருந்தன. கையில் திருத்தப்பட்ட மரணச் சான்றிதழ் இருந்தது.